பெட்ரோல் மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்கும் கார்க்காரர்கள்!

தொப்பூர் கணவாயில் "நியூட்ரல்" ஆபத்து. ஆயில் மாற்றாத என்ஜினின் கதி என்ன?

தர்மபுரி–

தர்மபுரியில் இருந்து சேலம் போகிற கார்களைக் கவனித்து இருக்கிறீர்களா?

பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் சில டிரைவர்களின் இடது கை மெல்ல கியர் கம்பிக்குப் போகும். கியர் நியூட்ரலுக்கு வரும். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், சாவியைத் திருகி என்ஜினையே அணைத்து விடுவார்கள்.

கார் சத்தம் இல்லாமல் சரிவில் உருளும்.

"பெட்ரோல் மிச்சம்!" என்று டிரைவர் பெருமையாகச் சிரிப்பார்.

உண்மையிலேயே மிச்சமா?

இல்லை. இப்போது ஓடுகிற கார்களில், நியூட்ரலில் இறங்கினால்தான் பெட்ரோல் செலவு ஆகும். கியரில் இறங்கினால் செலவே இல்லை!

கேட்கத் தலைகீழாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. உயிர் பிழைத்த பிறகுதான் புரிந்தது.

பயங்கரக் கணவாய்

தொப்பூர் கணவாய், தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி தாலுகாவில் இருக்கிறது. ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் செல்கிறது. முன்பு இதற்கு 7-ம் எண்.

தர்மபுரி மேடு. சேலம் பள்ளம். எனவே சேலம் போகும் வண்டிகளுக்கு இங்கே ஒரே இறக்கம். இறக்கத்தில் வளைவு. வளைவை ஒட்டிப் பாலம்.

2020-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி நடந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். நெரிசலில் நின்று கொண்டிருந்த வண்டிகள் மீது, சிமெண்டு ஏற்றி வந்த லாரி கட்டுக்கு அடங்காமல் வந்து மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. 4 பேர் செத்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி மறுபடியும் கோர விபத்து. லாரிகளுக்கு நடுவே கார் சிக்கியது. தீப்பிடித்தது. அதிலும் 4 பேர் பலி.

இந்தக் கணவாயில் நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் ஒன்று அல்ல. சரிவு, வளைவு, அளவுக்கு மீறிய பாரம், பிரேக் பிடிக்காமல் போவது என்று பல. ஆனால் ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் தவறாமல் சொல்லும் ஒரு காரணம் உண்டு. டீசல் மிச்சம் பிடிப்பதற்காக லாரிகளை நியூட்ரலில் விடுகிறார்கள் என்பதுதான் அது. "குறைந்த கியரில் செல்லவும்" என்று பலகை வைத்தும் பழக்கம் போகவில்லை.

லாரிக்காரர்களை நாம் திட்டுகிறோம். அதே வேலையைச் சின்ன காரில் நாமும்தானே செய்கிறோம்?

நானும் அந்தக் காரில் இருந்தேன்

என் மாமா தர்மபுரியில் மளிகைக் கடை வைத்து இருக்கிறார். பழைய சின்ன கார் ஒன்றை இரண்டாவது கையாக வாங்கினார். கடைக்கும் வீட்டுக்கும் 2 கி.மீ. தூரம். தினமும் அதில்தான் போய் வருவார்.

ஒரு நாள் சேலத்தில் சொந்தக்காரர் கல்யாணம். மாமா, அத்தை, அவர்களுடைய இரண்டு பெண்கள், நான். ஆக 5 பேர் புறப்பட்டோம்.

சுங்கச்சாவடி தாண்டியது. மாமா நியூட்ரலுக்கு மாற்றினார். சாவியைத் திருகினார். என்ஜின் நின்றது.

"என்ன மாமா, ஆப் பண்ணிட்டீங்க?" என்று கேட்டேன்.

"டேய், பெட்ரோல் என்ன விலை விக்குது! இறக்கத்துலே எதுக்குடா எரிக்கணும்? வண்டி தானா போவும் பாரு" என்றார்.

வண்டி தானாகத்தான் போயிற்று. போகப் போக வேகம் ஏறியது. முன்னால் ஒரு லாரி ஆமை மாதிரி இறங்கிக் கொண்டு இருந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். பிடித்தது. விட்டார். மறுபடி மிதித்தார். கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது தடவை மிதித்தபோது, பிரேக் கல் மாதிரி இறுகி இருந்தது. கால் இறங்கவே இல்லை!

ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தார். அதுவும் கனத்துக் கிடந்தது.

அத்தை கத்தினார். பின் சீட்டில் பெண்கள் அலறினார்கள்.

மாமா சாவியைத் திருகி, கிளட்சை மிதித்து கியரைப் போட்டு விட்டார். ஒரு குலுக்கல். என்ஜின் உயிர் பெற்றது. பிரேக் பிடித்தது. லாரியின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது.

சேலம் போய்ச் சேருகிறவரை காரில் யாரும் பேசவில்லை.

பிரேக் ஏன் இறுகியது?

மறுநாள் காரை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டோம். "பிரேக் ரிப்பேர்" என்றார் மாமா. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை.

"அண்ணே, என்ஜினை ஆப் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

மாமா தலையைக் குனிந்து கொண்டார்.

விஷயம் இதுதான். காரில் பிரேக்கை மிதிக்கும்போது நம் கால் மட்டும் வேலை செய்வது இல்லை. என்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தில் உண்டாகும் வெற்றிடம், காலுக்குத் துணையாகப் பிரேக்கை அழுத்துகிறது. என்ஜின் நின்றால் அந்தத் துணை இரண்டு, மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அப்புறம் முழுப் பலத்தையும் கால்தான் கொடுக்க வேண்டும்.

பவர் ஸ்டியரிங்கும் அப்படியே. என்ஜினை அணைத்தால் அதுவும் கை விட்டு விடும். சாவியை உருவி எடுத்து விட்டால் இன்னும் மோசம். ஸ்டியரிங் பூட்டிக் கொள்ளும்!

லாரிக்கு இதைவிட ஆபத்து. அதற்குக் காற்று பிரேக். காற்றை அடைத்துக் கொடுப்பது என்ஜின்தான். என்ஜினை அணைத்து விட்டுப் பிரேக்கை மிதித்துக் கொண்டே போனால் காற்று தீரும்.

சரி, என்ஜினை அணைக்காமல் வெறும் நியூட்ரலில் போனால்?

அப்போது வண்டியைத் தடுத்துப் பிடிக்க பிரேக் மட்டும்தான் உண்டு. மிதித்துக் கொண்டே இருந்தால் பிரேக் சூடாகும். சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். கியரில் போனால் என்ஜினும் சேர்ந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

அந்தக் கால கார், இந்தக் கால கார்

மாமாவுக்கு இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது? அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவரிடம் இருந்து. அவருக்கு? அவருக்கு முந்தியவரிடம் இருந்து!

அந்தக் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அம்பாசிடர் கார்களில் இருந்தது கார்புரேட்டர். 1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தாரே, அந்த மாருதி 800-க்கும் கார்புரேட்டர்தான். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. கார் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. என்ஜின் சுற்றினால் பெட்ரோலை உறிஞ்ச விடும். கியரில் வேகமாகச் சுற்றினால் கூடுதல் செலவு. எனவே நியூட்ரலில் விட்டால் மிச்சம் ஆயிற்று. அப்போதும் ஆபத்து ஆபத்துதான் என்பது வேறு விஷயம்.

2000-ம் ஆண்டு வாக்கில் புகைக் கட்டுப்பாடு வந்தது. புது கார்களில் கார்புரேட்டர் ஒழிந்தது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் கருவி வந்தது. அதை ஆட்டி வைக்க ஒரு சின்ன கம்ப்யூட்டரும் வந்தது.

நீங்கள் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கிறீர்கள். வண்டி இறக்கத்தில் போகிறது. அப்போது சக்கரங்களே என்ஜினைச் சுற்றி விடுகின்றன. கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடிக்கிறது. "பெட்ரோல் தேவை இல்லை" என்று பீய்ச்சுவதை அடியோடு நிறுத்தி விடுகிறது. வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மறுபடி விடுகிறது.

நியூட்ரலுக்கு மாற்றினால் என்ன ஆகும்? சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்து விடும். என்ஜின் நின்று போகாமல் இருக்க கம்ப்யூட்டர் பெட்ரோல் கொடுத்தே ஆக வேண்டும்.

என்ஜின் மாறி விட்டது. நம் பழக்கம்தான் மாறவில்லை.

கணக்குப் போடுவோம்

சின்ன கார் நின்ற இடத்தில் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். 600 மில்லி என்று வைத்துக் கொள்வோம்.

6 கி.மீ. இறக்கத்தை 40 கி.மீ. வேகத்தில் கடக்க 9 நிமிஷம் ஆகும். அந்த 9 நிமிஷமும் நியூட்ரலில் போனால் செலவு 90 மில்லி. லிட்டர் 100 ரூபாய் கணக்கில் ரூ.9.

கியரில் போனால் அந்த 9 ரூபாயும் மிச்சம்!

லேசான இறக்கத்தில் கணக்குக் கொஞ்சம் மாறும். ஆனால் பிரேக்கை மிதிக்க வேண்டிய அளவுக்கு இறக்கம் இருந்தால் கியர்தான் லாபம். என்ஜினை அணைத்தால் செலவு இல்லையே என்று கேட்கலாம். கியரிலும்தான் செலவு இல்லை. பிறகு எதற்குப் பிரேக்கை இழக்க வேண்டும்?

கம்பியில் ஆயிலே இல்லை!

கதை இதோடு முடியவில்லை.

மெக்கானிக் காரின் முன்மூடியைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துணியால் துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார்.

கம்பியின் நுனியில் தார் மாதிரி ஒரு சொட்டு. அவ்வளவுதான்!

"கடைசியா எப்போ ஆயில் மாத்தினீங்க, அண்ணே?"

"10,000 கிலோ மீட்டருக்கு ஒரு தடவைன்னாங்க. இன்னும் 8,000-மே ஆவலியே!" என்றார் மாமா.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

மாமா விரல் விட்டு எண்ணினார். இரண்டரை வருஷம்!

"சிவப்பு விளக்கு எரியலையா?"

"அது அப்பப்போ மினுக் மினுக்குன்னு எரியும். பல்பு கோளாறுன்னு விட்டுட்டேன்."

என்ஜினைப் பிரித்துப் பார்த்ததில் பிஸ்டன் ரிங் தேய்ந்து இருந்தது. பேரிங்கும் போயிருந்தது. பில் ரூ.38 ஆயிரம். அந்த மாதம் கடையில் சரக்கு வாங்க வைத்திருந்த பணம் அது.

ஆயில் என்ன செய்கிறது?

சின்ன காரின் என்ஜினுக்குள் சுமார் 3 லிட்டர் ஆயில் இருக்கும். அது வழுக்கலுக்கு மட்டும் அல்ல. என்ஜினின் உள் உறுப்புகளின் சூட்டை வாங்கிக் கொள்கிறது. கரியையும் தூசியையும் சுமக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள சந்தை அடைக்கிறது.

ஆயில் கறுத்து விட்டால் கெட்டு விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அழுக்கைச் சுமப்பதால்தான் கறுக்கிறது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓடிய தூரத்தையும் காலத்தையும் பார்க்க வேண்டும்.

இப்போது வருகிற பெரும்பாலான சின்ன பெட்ரோல் கார்களுக்கு, 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், இதில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. மாமா முதல் பாதியை மட்டும் கேட்டுக் கொண்டார். "எது முந்துகிறதோ" என்பதைக் காதில் வாங்கவில்லை.

2 கி.மீ. ஓடி நிற்கிற கார்தான் ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும். ஏன் தெரியுமா? என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நின்று விடுகிறது. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கின்றன. நீண்ட தூரம் ஓடினால் அந்தச் சூட்டில் அவை ஆவியாகிப் போய்விடும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் உள்ளேயே தங்கிக் கூழாகும்.

தூசிப் பாதையில் ஓடுகிற கார், எப்போதும் பாரம் ஏற்றுகிற கார் இவற்றுக்கும் கெடு குறைவு. பாலக்கோடு பக்கம் தக்காளிக் கூடை ஏற்றி மண் பாதையில் ஓடும் காரும், நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் காரும் ஒன்று அல்ல. இப்படிப்பட்ட வண்டிக்குப் பாதிக் கெடுவிலேயே ஆயில் மாற்றுவது நல்லது. காரோடு கொடுக்கும் புத்தகத்திலேயே இதற்குத் தனிப் பட்டியல் இருக்கும். யார் பிரித்துப் படிக்கிறார்கள்?

கிலோ மீட்டருக்கு 20 காசு

ஆயில், பில்டர், கூலி எல்லாம் சேர்த்து ரூ.2 ஆயிரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். 10,000 கி.மீ.க்குப் பங்கு போட்டால் கிலோ மீட்டருக்கு 20 காசு.

பெட்ரோல்? லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால் கிலோ மீட்டருக்கு 5 ரூபாய்.

5 ரூபாயை விட்டு விட்டு, 20 காசில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம்!

இன்னொரு தவறும் நடக்கிறது. "கெட்டியான ஆயில் ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது" என்று சிலர் சொல்வார்கள். புத்தகத்தில் சொன்னதைவிடக் கெட்டியாக ஊற்றினால் என்ஜின் அதைக் கலக்கவே சக்தியைச் செலவழிக்கும். மைலேஜ் நூற்றுக்கு ஒன்று, இரண்டு குறையும். பழைய கார்களுக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று ஊற்றினார்கள். புது கார்களுக்கு 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று இளகிய ஆயில்தான் சொல்கிறார்கள். உங்கள் காருக்கு எது என்று புத்தகத்தைப் பாருங்கள்.

உண்மையான மிச்சம் எது?

டயர் காற்று: கதவோரத்தில் ஒட்டி இருக்கும் அளவுப்படி வையுங்கள். நான்கு டயரிலும் 10 பாயிண்ட் குறைந்தால் மைலேஜ் நூற்றுக்கு சுமார் 2 போகும். டயரும் தேயும்.

வேகம்: வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் தடை நான்கு மடங்கு ஆகிறது. நெடுஞ்சாலையில் 100-ல் பறப்பதை விட்டு 80-ல் சீராகப் போனால் பை நிறையும்.

சிக்னல்: நெடுநேரம் நிற்க வேண்டி இருந்தால் என்ஜினை அணையுங்கள். மிச்சம் பிடிக்க அணைக்க வேண்டிய இடம் நிற்கிற இடம்தான். இறக்கம் அல்ல!

காற்று பில்டர்: கார்புரேட்டர் காரில் அடைத்துக் கொண்டால் மைலேஜ் போகும். இப்போதைய காரில் மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. ஆனால் இழுவை குறையும். பில்டர் கிழிந்து தூசி உள்ளே போனால் ரிங் தேயும்.

"எல்லாம் சரியாக வைத்தும் மைலேஜ் குறைகிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடச் சூட்டுச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதற்காக மெக்கானிக்கைத் திட்டிப் பயன் இல்லை.

மைலேஜ் பார்ப்பது எப்படி?

விளம்பரத்தில் 24 கி.மீ. என்று போடுகிறார்கள். அது காரை உருளைமேல் நிறுத்தி, சோதனைச் சாலைக்குள் ஓட்டிப் பார்த்த கணக்கு. அங்கே தொப்பூர் மேடும் கிடையாது, தர்மபுரி பஸ் நிலைய நெரிசலும் கிடையாது.

உங்கள் காருக்கு நீங்களே பாருங்கள். பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். கிலோ மீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். 300 கி.மீ.க்கு மேல் ஓட்டுங்கள். அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். 342 கி.மீ.க்கு 19 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 18.

மாதம் ஒரு தடவை இப்படிப் பார்த்தால், குறையும்போதே தெரிந்து விடும். அன்றைக்கே ஆயில் கம்பியையும் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிஷம் கழித்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி விடுங்கள். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள்.

மாமா மாறி விட்டார்

கணவாயில் உயர்மட்டச் சாலை போடும் திட்டம் வந்திருக்கிறது. சாலை சீராகட்டும். ஆனால் நியூட்ரலுக்குப் போகும் கையைச் சாலை தடுக்காது.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இது பழைய டிரைவர்கள் சொன்ன விதி. இதை யாரும் நம் காதில் போடவில்லை. நியூட்ரலை மட்டும் சொல்லிக் கொடுத்து விட்டார்கள்.

போன வாரம் மாமாவோடு மறுபடி சேலம் போனேன். சுங்கச்சாவடி தாண்டியது. மாமா கை கியர் கம்பிக்குப் போயிற்று. அத்தை அவரையே பார்த்துக் கொண்டு இருந்தார்.

மாமா மூன்றாவது கியரைப் போட்டார்.

என்ஜின் உறுமிக் கொண்டே இறங்கியது. "ரொம்ப சத்தம் போடுதே" என்றாள் பின் சீட்டில் சின்னவள்.

"போடட்டும்மா. அது நம்மளைப் பிடிச்சுக்கிட்டு வருது" என்றார் மாமா.